கழுத்து மரம்

சம்மட்டி தன் தம்பியின் கழுத்தில் அரிவாளை இறக்கிய அன்று தம்பிக்கு ஒரு பொட்டு இரத்தமும் வரவில்லை. வெட்டு, பின்னால் நின்ற தென்னை மரத்தில் விழுந்தது. அரிவாள் மரத்தைத் தொடவே இல்லை. கழுத்தின் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியே வந்தது, வாழைத்தண்டில் போவது போலச் சத்தமில்லாமல். தம்பி தலையை ஒருமுறை சிலுப்பிவிட்டு, "அவ்வளவுதானா? போய் வேலையைப் பாரு" என்றான். அவனுக்குப் பின்னால் மரத்தில், ஆள் கழுத்து உயரத்தில், அந்த வெட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சண்டை, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை யார் அணைத்தது என்பதைப் பற்றி. உண்மையில் அணைத்தவர் யாருமில்லை, கரண்ட் போயிருந்தது.

இதில் ஊரார் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தோப்பின் முள்கம்பி வேலிக்குள் யாரை யார் அடித்தாலும், அடி வாங்கியவனுக்குப் பக்கத்தில் எந்தத் தென்னை நிற்கிறதோ அதன் தண்டில்தான் அடி போய் விழும் என்பது, மழை பெய்தால் சட்டை நனையும் என்பது போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அண்ணன் தம்பியின் அப்பா கன்று நட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். வீடும் தோப்புக்குள்ளேயே இருந்ததால் அந்தக் குடும்பம் மனம் விட்டு அடித்துக்கொண்டது. அப்பா மண்வெட்டிக் காம்பால் பிள்ளைகளை விளாசுவார். பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அப்பா, இது நல்லா பதிஞ்சிருக்கு" என்பார்கள். அம்மா ஒரு நாள் வீசிய இரும்புச் சட்டி அப்பாவின் நெற்றிக்கு நேராகப் போய், சமையலறைக்கு வெளியே நின்ற மரத்தில் ஒரு குழி போட்டது. அந்தக் குழியில் ஒரு மைனாக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்தது. மூத்தவனுக்குச் சம்மட்டி என்ற பெயர் அவன் கையால் வந்தது. இளையவனுக்குச் சிலுப்பி என்ற பெயர், வாயைத் திறக்கும் முன் தலையைச் சிலுப்பும் பழக்கத்தால் வந்தது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு சிலுப்பி ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்டான். சம்மட்டி யாரையும் கட்டவில்லை. "என்னையெல்லாம் யாரு தாங்குவா?" என்று அவன் சொன்னால், "மரந்தான் தாங்கும்" என்பான் தம்பி.

ஆக, சம்மட்டிக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. வேலிக்குள் அவன் காலில் ஏறிய முள்ளும் மரத்துக்கே போனது. வேலிக்கு வெளியே, அவன் தோளின் அகலத்தைப் பார்த்த பிறகு அவன் மேல் கை ஓங்கும் அளவுக்கு உயிர்மேல் வெறுப்புள்ளவர் யாரும் ஊரில் இல்லை. சந்தையில் மூட்டை விழுந்து கால் நசுங்கியவன் அலறியபோது சம்மட்டி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனான். அலறுவது, விசிலடிப்பது மாதிரி சிலருக்கு இருக்கும் ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தான்.

விஷயம் பரவப் பரவ, ஊரில் யாருக்கு யார் மேல் ஆத்திரம் இருந்தாலும் இந்தத் தோப்புக்கு வந்து தீர்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. மரக்கடைக்காரரும் அவர் மைத்துனரும் ஆளுக்கொரு கோடாலியோடு வந்து, ஒருவரை ஒருவர் விறகு பிளப்பது போலப் பிளந்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி டீ குடிக்கப் போனார்கள். ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இருவர் நாற்காலிக் கால்களைக் கழற்றி எடுத்து வந்தார்கள். கறிக்கடைக்காரரின் மண்டையில் அவர் மச்சான் சுத்தியலால் போட்ட போடு இருக்கிறதே, மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்து மரம் கோயில் மணி போல அதிர்ந்து, எதிர்த் தெரு வரை கேட்டது. கறிக்கடைக்காரர் தலையைத் தடவிப் பார்த்து, "கை வலிச்சிருக்குமே மாப்ளே" என்றார். சண்டைக்கு வந்தவர்களுக்குச் சம்மட்டியே கேட்டைத் திறந்துவிட்டு, எந்த மரத்தடியில் இடம் காலியாக இருக்கிறது என்றும் காட்டுவான். "எங்க தோப்பு எதையும் தாங்கும்" என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெருமை. அவர்கள் வாழ்நாளில் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான்.

மரங்கள் ஒழுக ஆரம்பித்தது ஒரு கோடையில். முதலில் அடித்தண்டின் வெடிப்புகளில் செம்பழுப்பாக ஒரு சாறு கசிந்தது. அது வழிந்து, காய்ந்து, கறுத்து, பார்ப்பதற்கு வெற்றிலை போட்டவன் கண்ட இடத்தில் துப்பிவைத்தது போல இருந்தது. சாறு வழிந்த இடத்தைத் தட்டினால் பொத்தென்றது. மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. குரும்பைகள் உதிர்ந்தன. அரசாங்க அலுவலகத்திலிருந்து மர டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தார். கோடாலி வெட்டு, சுத்தியல் குழி, நாற்காலிக் கால் தழும்பு என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது சாறு வடியிற நோய். பூஞ்சையால வர்றது. தண்டுல காயம் இருந்தா அது வழியா உள்ள போயி திசுவை அழுகடிச்சிடும். அது சரி, இத்தனை காயம் எப்படி?"

"பேசிக்கிட்டிருக்கும்போது பட்டதும்மா" என்றான் சிலுப்பி.

அழுகிய பாகத்தை உளியால் நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கியதை ஒரு தூள் விடாமல் எரிக்க வேண்டும். காயத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோப் பசை பூசி, அது காய்ந்த பின் தார் பூச வேண்டும். வேர் வழியே மருந்து கட்ட வேண்டும். வேப்பம் புண்ணாக்கும், நோய்ப் பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சையும் கலந்து பாத்தியில் போட வேண்டும். தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக, "இதெல்லாத்தையும் விட முக்கியம், இனிமே மரத்துல ஒரு காயம்கூட விழக்கூடாது" என்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேற மருந்து ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா" என்றான் சம்மட்டி.

வேறு மருந்து இல்லை. ஆகவே அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. மோட்டார்க் கொட்டகை மரம்தான் முதலில் போனது. கொண்டை சரிந்து, தண்டு மேலே பென்சில் முனை போலக் கூம்பி, ஒரு நண்பகலில் காற்றே இல்லாமல் முறிந்து விழுந்தது. அதே நேரத்தில், நாலு தெரு தள்ளி, சவரக்கடை நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருந்த கறிக்கடைக்காரரின் மண்டை சுத்தியல் அகலத்துக்குப் பிளந்தது. இரத்தம் கண்ணாடியில் அடித்து, கூரை விசிறியில் பட்டு, வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோர் முகத்திலும் சமமாகத் தெளித்தது. சவரக்காரர் கையில் சீப்புதான் இருந்தது. கத்தியை அவர் இன்னும் எடுக்கவே இல்லை. "ஏன் மாப்ளே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கறிக்கடைக்காரர் செத்துப்போனார். மச்சான் அப்போது மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வாரம் வெங்காய விலையும் இறங்கியிருந்தது.

அடிகள் ஒழிந்துபோகவில்லை, மரங்கள் அவற்றை வைத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஊரே உளியும் வாளியுமாகத் தோப்புக்கு ஓடி வந்தது. "என் மரம் எது? என் முழங்கால் மரம் எது?" என்று ஆளாளுக்குத் தண்டு தண்டாகத் தடவினார்கள். அதைவிட வேடிக்கை, செதுக்கும்போது அந்த மரத்தில் அடி பதிந்தவனுக்கு வலித்தது. மரத்தில் உளி இறங்கினால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர் தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். வாத்தியார் கரும்பலகையில் பாதிச் சொல் எழுதிவிட்டு ஊளையிட்டார். தன் மரத்தைத் தானே செதுக்கியவர்கள் ஒரு கொத்துக்கு ஒரு முறை மயங்கி விழுந்ததால், அடித்தவனே வந்து செதுக்க வேண்டியதாயிற்று. அடித்தவனுக்குத்தான் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

சிலுப்பியின் கழுத்தைச் சுற்றி அதற்குள் செம்பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. சட்டைக் காலரைத் துவைத்துத் துவைத்துத் தையல்காரிக்குக் கை நொந்தது, கறை போகவில்லை. கிழக்கு மூலையில், வேலியை ஒட்டி நின்ற கழுத்து மரத்தைப் போய்ப் பார்த்தாள். வெட்டிலிருந்து அடி வரை சாறு வழிந்து கறுத்திருந்தது. இந்த மரம் விழுந்தால் தன் புருஷனின் தலையும் கூடவே விழும் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரே சம்மட்டி முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானே வெட்டினீங்க? வந்து செதுக்குங்க."

"கை தவறிடுச்சுன்னா என்னை எதுவும் சொல்லக் கூடாது."

"தவறட்டும். உள்ள வச்சு உங்களை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். வேலிக்கு வெளிய வருவீங்கல்ல, கத்தரிக்கோல் எங்கிட்டதான் இருக்கு."

டாக்டரம்மா சொன்னபடி மயில்துத்தத்தை ஒரு மண்பானையிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு சேர்த்துக் கலக்கினார்கள். பசை பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் இரும்புக் கத்தியை முக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். தோப்பு வீட்டில் கைக்கு அகப்பட்டது அந்தப் பழைய அரிவாள்தான். முதல் முக்கில் அது இரத்தத்தில் தோய்ந்தது போலச் சிவப்பாக வெளியே வந்தது. சிலுப்பி அதைப் பார்த்து, "இது அன்னிக்கே வந்திருக்க வேண்டிய கலரு" என்றான். சம்மட்டி இன்னும் சுண்ணாம்பு போட்டான். அரிவாள் சிவப்பு படியாமல் வரும்வரை போட்டான்.

சிலுப்பியை நாற்காலியில் உட்காரவைத்துத் தையல்காரி தன் அளவு நாடாவாலும் இரண்டு பழைய படுக்கை விரிப்புகளாலும் கட்டினாள். சம்மட்டி வெட்டின் விளிம்பில் உளியை வைத்து முதல் கொத்துக் கொத்தினான். நாற்காலி சிலுப்பியோடு சேர்ந்து துள்ளியது. அவன் போட்ட கூச்சலில் மைனாக் குடும்பம் பரம்பரை வீட்டைக் காலி செய்துகொண்டு பறந்தது. "டேய் கொலைகாரா! பாவி! அண்ணனாடா நீ!" என்று ஒரு கொத்துக்கு ஒரு வசவு. "நடிக்காதடா" என்று சம்மட்டி அடுத்த கொத்துக் கொத்தினான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். அழுகல் அவன் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. தன் கை அன்றைக்கு எவ்வளவு நன்றாக வீசியிருக்கிறது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கறுப்பு போய், பழுப்பு போய், வெளுத்த நல்ல திசு தெரிய வந்தபோது சிலுப்பிக்குக் குரல் போயிருந்தது. சக்கையைக் கூட்டி எரித்தார்கள். புகையில் முடி கருகும் வாடை வந்தது. பசை பூசியதும் சிலுப்பியின் கழுத்து நீலமாயிற்று. அப்புறம் தார் பூசியதும் கறுப்பாயிற்று. அதன் பிறகு அவன் பக்கத்தில் ஒரு கொசு வந்ததில்லை.

அதிலிருந்து சம்மட்டியின் வாழ்க்கை அந்த மரத்தடியில் கழிந்தது. ஒரு முறை செதுக்கினால் தீர்ந்துபோகும் நோயா அது? சாறு வேறோர் இடத்தில் எட்டிப் பார்க்கும். மறுபடியும் உளி, மறுபடியும் நாற்காலி. பக்கத்து மரங்களிலிருந்து நோய் தாவாமல் இருக்கச் சுற்றிலும் குழி எடுத்தான். பென்சில் தடிமனில் ஓர் இளவேரைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, மருந்துப் பைக்குள் விட்டுக் கட்டினான். அன்றெல்லாம் சிலுப்பி வாய் கசக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். காய்களைக்கூட மரத்தில் ஏறிப் பறிக்கவிடாமல் சம்மட்டி தொரட்டியால்தான் பறித்தான். சண்டைக்காரர்களை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினான். இரண்டு வாத்தியார்கள் பழைய ஞாபகத்தில் உள்ளே நுழைந்தபோது ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் வைத்தான். அங்கே அவர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டு, ஒழுகியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோவில் போனார்கள். வருடங்கள் ஓடின. கழுத்து மரம் மெல்லத் தெளிந்தது. நடுக்குருத்து நிமிர்ந்தது. சம்மட்டி அதோடு பேச ஆரம்பித்தான். "கண்ணு, இன்னிக்கு எப்படி இருக்கே? ராஜா, தண்ணி போதுமா?"

சிலுப்பிக்கு உளியைத் தாங்க முடிந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை. போகிற இடமெல்லாம் கேலி வேறு. டீக்கடையில், "உங்க அண்ணன் தும்மினா உன் தலை போயிடுமாமே" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணன் மரத்தைத் தடவிக்கொண்டிருப்பான். "என்னை ஒரு நாளாவது கண்ணுன்னு கூப்பிட்டிருக்கியா?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டான். "நீ ஒழுங்கா நின்ன இடத்துல நின்னிருந்தா கூப்பிட்டிருப்பேன்" என்றான் அண்ணன்.

பிறகு ஒரு நாள், கோடை உச்சியில், கழுத்து மரத்துப் பாத்திக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. "எவன்டா மோட்டாரை அணைச்சது? என் புள்ளைக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கேன், தெரியலையா? வெட்டினா திருந்துற ஜென்மமாடா நீ?" என்று சம்மட்டி மரத்தடியிலிருந்து கத்தினான். அன்றைக்கும் கரண்ட்தான் போயிருந்தது. ஆனால் சிலுப்பிக்குள் இத்தனை வருடங்களாகப் பாத்தி கட்டித் தேக்கி வைத்திருந்த அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் உடைத்துக்கொண்டது. குழி தோண்டப் போட்டிருந்த கடப்பாரையைப் பிடுங்கி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண் மண் தெரியாமல் ஓடி வந்தான். தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியோடு வாசலுக்கு ஓடி வந்து, "ஐயோ, அது உன் கழுத்துய்யா! உன் கழுத்தையே இடிக்கப் போறியா?" என்று அலறினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

சம்மட்டி மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். சும்மா நின்றிருந்தாலே போதும். கடப்பாரை அவன் மார்பில் இறங்கியிருக்கும், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பசையும் தாருமாகத் தேற்றிவைத்த அந்த இடத்தில் மரம் இரண்டாகப் பிளந்திருக்கும், தம்பியின் தலை பாத்தியில் உருண்டிருக்கும். யாரும் அண்ணனைக் குறை சொல்லியிருக்க முடியாது. எத்தனையோ வருடங்களுக்கு முன் அவன் ஆசைப்பட்டதும் அதுதானே. ஆனால் சம்மட்டி, தன் வயதையும் எடையையும் மறந்து, முள்கம்பி வேலியை ஒரே தாவலாகத் தாவினான். சட்டை கிழிந்தது. வெளியே ரோட்டில் போய் விழுந்து, எழுந்து, "வா, இங்க வந்து அடி!" என்று கையைத் தூக்கினான். சிலுப்பியும் பின்னாலேயே தாவினான். ஓங்கியது ஓங்கியபடியே கடப்பாரை இறங்கியது.

அண்ணனின் வலக்கை, காய்ந்த மட்டை முறிவது போல முறிந்தது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து வெயிலைப் பார்த்தது. இரத்தம் ரோட்டுப் புழுதியில் கொட்டியது, மெய்யான சிவப்பு இரத்தம், மரத்துச் சாறு போலப் பழுப்பாக இல்லாமல். சம்மட்டி அதைக் கொஞ்ச நேரம் யாருடையதோ போலப் பார்த்தான். பிறகு வலி வந்தது. ஒரு ஆயுளுக்கான பாக்கி முழுவதும் ஒரே நேரத்தில் வந்தது போல வந்தது. அவன் வாய் திறந்து, சந்தையில் கால் நசுங்கியவன் போட்ட அதே சத்தத்தைப் போட்டது. ரோட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தான். மூச்சு வந்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தான்.

"இதையாடா நான் உன் கழுத்துக்கு வச்சிருந்தேன்?"

சிலுப்பியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது. "நடிக்கிறேன்னு சொன்னியே" என்றான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியாதுடா. சத்தியமா தெரியாது. வேலி தாண்டினது உனக்காகன்னு மட்டும் நினைச்சுக்காத. மரத்துல பட்டுடக் கூடாதுன்னுதான்."

"சரி, சரி. எந்திரி."

"ரெண்டு பேரும் அங்கயே பேசி முடிச்சுட்டு உள்ள வாங்க" என்று தையல்காரி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னாள். "உங்க பாசத்தை நம்பி மரத்துப் பக்கம் விட முடியாது." சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியை நீளமாகக் கிழித்து, கை கட்டுவதற்கு வேலி மேல் போட்டாள்.

கை கூடியது, ஆனால் கோணலாகத்தான் கூடியது. டாக்டரம்மா பிறகு வந்தபோது மரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் கெட்டியாக இருக்கிறது, சாறு அநேகமாக நின்றுவிட்டது, மறுபடி எட்டிப் பார்த்தால் மட்டும் செதுக்கினால் போதும் என்றார். சம்மட்டியின் கையைப் பார்த்து, அது தன் துறை இல்லை என்றார். அண்ணனும் தம்பியும் இப்போதும் சண்டை போடாமல் இல்லை. ஆத்திரம் வந்தால் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகிறார்கள். அங்கே நின்று சம்மட்டி தன் கோணல் கையைத் தடவுகிறான், சிலுப்பி தன் கழுத்தைத் தடவுகிறான். வண்டிகளுக்கு இடைஞ்சலாகக் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டுவிட்டு உள்ளே திரும்புகிறார்கள். உளி வேலை மட்டும் இப்போது இடக்கையால் நடக்கிறது. அதனால் மெதுவாக நடக்கிறது. ஒவ்வொரு கொத்துக்கு முன்னாலும் சம்மட்டி, "கண்ணு, பொறுத்துக்க" என்கிறான். மரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறான். நாற்காலியில் இருப்பவன், "ம்" என்கிறான்.

கழுத்து மரம் இன்றைக்கும் காய்க்கிறது. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அதன் கொண்டை ஆடுகிறது; அப்போது சிலுப்பி ஊரில் எங்கே இருந்தாலும் அவன் தலையும் அதே பக்கமாக, அதே வேகத்தில் ஆடுகிறது. சவரக்கடையில் அவன் உட்கார்ந்திருக்கும்போது காற்று கிளம்பிவிட்டால், சவரக்காரர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அடங்கட்டும்ணே" என்பார். வரிசையில் இருப்பவர்கள் பேப்பரைப் புரட்டுவார்கள். தோப்புப் பக்கம் காற்று நின்றதும் அவர் மிச்சக் கன்னத்தைச் சிரைத்து முடிப்பார்.